எஸ்எம்பிஎஸ்: பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா?

சுவிட்சை அழுத்தினால் விசிறி ஒரு கணம் சுழன்று நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து மீண்டும் அழுத்தினால் கணினி ஒழுங்காகத் தொடங்கி நாள் முழுவதும் ஓடும். மறுநாள் காலையில் அதே தொல்லை திரும்பும். எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் இந்தக் கோளாறு வந்தபோது, ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 வட்டப் பேட்டரியை மாற்றுவது போன்ற வழக்கமான வேலைகளால் பயன் கிட்டவில்லை. சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல், அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற மின்னழுத்தங்களாக மாற்றித் தரும் பெட்டியின் மேல் விழுந்தது. அதைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று இரு பக்கமும் யோசித்து, புதிதையே வாங்கினேன்.

முடிவெடுப்பதற்கு முன் கோளாறு அங்கேதான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். மதர்போர்டில் மாட்டியிருக்கும் 24 முனை இணைப்பியின் பின்புறமாக, ஒயரை ஒட்டி மல்டிமீட்டரின் முனையைச் செருகி அளக்கலாம். வழக்கமான நிற வரிசை உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால், ஊதா ஒயரில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும், 4.75 முதல் 5.25 வரை ஏற்கத்தக்கது. மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். எல்லா மின்னழுத்தங்களும் நிலைபெற்ற பிறகே சாம்பல் ஒயரில் ஏறத்தாழ 5 வோல்ட் வரும்; அது வராதவரை மதர்போர்டு பிராசசரை இயங்க விடாது. எங்கள் கணினியில் ஊதா சரியாக இருந்தது. மஞ்சளில் எண் பன்னிரண்டை எட்டாமலே சரிந்தது, சாம்பல் எழவே இல்லை.

பழுது பார்ப்பதற்குச் சாதகமான காரணங்கள் வெளிப்படையானவை: செலவு குறைவு, பெரும்பாலும் அன்றே கைக்குக் கிடைத்துவிடும். இத்தகைய கோளாறுக்கு அடிக்கடி காரணமாவது, வெளியீட்டுப் பகுதியில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் உள்ளே காய்ந்துபோவதுதான். சற்றுச் சூடேறினால் அவற்றின் உள் மின்தடை குறைவதால்தான், சில முறை முயன்ற பிறகு கணினி எழுகிறது. தலை உப்பிய கெப்பாசிட்டரை மாற்றினால் எஸ்எம்பிஎஸ் உடனே வேலை செய்யும் என்பதையும் மறுக்க முடியாது.

என் தயக்கம் அதற்குப் பின் வருவதைப் பற்றியது. உப்பியது ஒன்றாக இருந்தாலும், அதன் அருகில் உள்ளவையும் அதே வெப்பத்தில் அதே காலம் உழைத்தவை; வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொது விதி. இவற்றைவிடக் கவலைக்குரியது, ஊதா ஒயருக்கு மின்சாரம் தரும் சிறு பகுதி. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அது இரவும் பகலும் இயங்குகிறது. சில பழைய வடிவமைப்புகளில் அங்குள்ள ஒரு சிறு கெப்பாசிட்டர், உப்பலோ கசிவோ காட்டாமலே காய்ந்துபோய், 5 வோல்ட்டை மேலே ஏற்றிவிடும். அந்த மின்னழுத்தம் நேராகச் செல்வது மதர்போர்டுக்கு. அதாவது, அரைகுறையாகச் சரிசெய்த எஸ்எம்பிஎஸ் அடுத்த முறை பழுதாகும்போது தான் மட்டும் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழுது பார்ப்பதில் மிச்சமாகும் பணத்தைவிட மதர்போர்டும் ஹார்ட் டிஸ்கில் உள்ள கோப்புகளும் மிகவும் பெரியவை என்பதால், எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

ஆனால் புதிது என்றால் எதுவானாலும் சரி என்று பொருளில்லை. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் ‘450 வாட்’ என்று ஒட்டிய மலிவான எஸ்எம்பிஎஸ்கள் ஏராளம். வாங்கும்போது அந்த எண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 16 ஆம்பியர் என்றிருந்தால், இன்றைய கணினிகள் பெரிதும் நம்பியிருக்கும் அந்த வழியில் கிடைப்பது 192 வாட் மட்டுமே. 2004இல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்துக்கான சான்று. மிகை மின்னழுத்தப் பாதுகாப்பு உண்டா என்பதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். பெயருள்ள நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், சில வகைகளுக்கு அதற்கும் மேல் வாரண்டி தருகின்றன. பழுது பார்க்கும் கடையில் இதற்கு ஈடாக ஒன்றும் கிடைப்பதில்லை. பெயரற்ற மலிவுச் சரக்குதான் மாற்று என்றால், தரமான பழையதைச் சரிசெய்வதே மேல் என்பேன்.

நான் பயன்படுத்துவது அலுவலக வேலைக்கான கணினி; தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளவற்றில் எனக்கு அனுபவம் குறைவு, எனவே அவற்றுக்கு எத்தனை வாட் தேவை என்று இங்கே சொல்ல முற்படவில்லை. பெரிய நிறுவனங்களின் சில அலுவலக டெஸ்க்டாப்களில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் இணைப்பியும் தனிவகையாக இருக்கும், கடையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. அங்கே பழுது பார்ப்பதே நடைமுறைக்கு உகந்ததாக இருக்கலாம். அப்படிச் செய்பவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் தாங்களே திறக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாக (டிசி) மாறி, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டரில் தங்கியிருக்கக்கூடும். கடைக்காரரிடம் வெளியீட்டுப் பகுதியிலும் ஊதா ஒயரின் பகுதியிலும் உள்ள எல்லாக் கெப்பாசிட்டர்களையும் 105 டிகிரி தாங்கும் வகையாக மாற்றச் சொல்லி, மதர்போர்டில் மாட்டுவதற்கு முன் ஊதா ஒயரை அவர் முன்னிலையிலேயே அளந்து பார்த்து வாங்குங்கள்.