பாளையங்கோட்டையில் ஒரு மனநல ஆலோசனை மையம்: எட்டு மாதம் போய்வந்த அனுபவம்

என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு எட்டு மாதமாகப் பாளையங்கோட்டையில் ஒரு ஆலோசனை மையத்துக்குப் போய்வருகிறேன். மையத்தின் பெயரை இங்கே போடப் போவதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் அங்கே வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிக்கொண்டு எந்த மாமாவும் சித்தப்பாவும் அந்த வாசலில் போய் நின்றுவிடக் கூடாது. உங்கள் வீட்டில் திருநங்கையோ திருநம்பியோ இருந்து, உண்மையாகவே தேவைப்பட்டால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

தங்கச்சி என்று எழுதுகிறேன், 17 வயது வரை அவளைத் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அவளுக்கு 19. எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். அம்மை பீடி சுற்றுகிறாள், அப்பாவுக்கு லோடு ஏற்றுகிற வேலை. நடை சரியில்லை, கையை ஆட்டிப் பேசுகிறான் என்று அப்பா பெல்ட்டை எடுத்தபோது அவள் ஐந்தாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் என் தாவணியை உடுத்திப் பார்த்தாள் என்பதற்காக மொட்டை அடித்து, கோடாங்கியிடம் கொண்டுபோய் வேப்பங்குழையால் அடிக்க வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'ஒம்பது' தான். பையன்கள் கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செம்போடு எடுத்து மடமடவென்று குடிப்பாள். நான் அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு தடவைகூடக் குறுக்கே போய் விழவில்லை.

எங்கள் சுடலை கோவில் கொடைத் திருவிழாவில் கணியான் கூத்து நடக்கும். மகுடம் என்கிற பறையை அடிக்க, ஆண்கள் சேலை கட்டிச் சலங்கை போட்டு ஆடுவார்கள், ஊரே கும்பிட்டு நிற்கும். அதே ஊரில் என் தங்கச்சிக்குத் தெருவில் நடக்க முடியவில்லை. எனக்கு இது இன்னும் விளங்கவில்லை.

முதலில் நாங்கள் போனது வேறோர் இடம். அங்கிருந்த டாக்டர் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை, அவளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "மாத்திரலாம், ஆறு மாசம் ஆகும்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது செங்கோட்டை ரயிலில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரத்தில் ஒரு ராத்திரி உயிரை விடப் பார்த்தாள். அதை விவரிக்க மாட்டேன். 14416-க்குக் கூப்பிட்டேன், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். எடுத்த பெண் என்னை அழவிடவில்லை, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, ஆட்டோ கிடைக்கும்வரை லைனிலேயே இருந்தார். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள், அதற்கடுத்த வாரம்தான் இந்த மையம்.

குறுகலான மாடிப்படி, மேலே இரண்டே அறை. உள்ளே போனதும் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் சான்றிதழில் உள்ள பெயருக்கு ஒரு கோடு, உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு கோடு. அந்த இரண்டாவது கோட்டில் அவள் எழுதிய பெயரை அன்றைக்குத்தான் நானே முதன்முதலாகப் பார்த்தேன். அங்கே ஆலோசனை சொல்கிற மேடம் அவளிடம், "எப்போதிருந்து இப்படி?" என்று கேட்கவில்லை. தூக்கம் வருகிறதா, யாராவது பின்னால் வந்தால் திடுக்கிடுகிறதா, பெல்ட் சத்தம் கேட்டால் வயிறு வலிக்கிறதா என்று கேட்டார். அவள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் அடியும் அவமானமும் தினமும் வாங்கின உடம்பு, அடி நின்ற பிறகும் அடுத்த அடிக்குக் காத்துக்கொண்டே இருக்குமாம், தூக்கம் போவதும் காரணமில்லாமல் படபடப்பதும் சாகத் தோன்றுவதும் அங்கிருந்து வருகிறதாம். திருநங்கையாக இருப்பது நோய் இல்லை, உலகச் சுகாதார நிறுவனமே தன் 11-ஆவது நோய்ப் பட்டியலில் அதை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டது, 2022-இலிருந்து அந்தப் பட்டியல்தான் நடப்பில் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். இத்தனை வருடம் வைத்தியம் வேண்டாத இடத்துக்கு வைத்தியம் தேடியிருக்கிறோம், காயம்பட்ட இடத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் பிடித்தது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை பாலியல் கொடுமை எதையாவது சொன்னால், 2012-ஆம் வருடத்து போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தாக வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். தெரிந்துகொண்டு பிள்ளை பேசட்டும் என்று. மற்றபடி பேசியது எதுவும் வீட்டுக்குப் போகாது. நான் கேட்டபோதுகூட மேடம், "அவளிடமே கேளுங்கள்" என்றார்.

மூன்றாவது மாதம் அம்மை வந்தாள். எடுத்த எடுப்பில், ஊசி கீசி போட்டு மாற்ற வழி இல்லையா என்றாள். மேடம் கோபப்படவில்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி மாற்றப் பார்ப்பதைத் தடை செய்ததைச் சொன்னார். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று ஒத்துக்கொண்டு ஓர் உளவியலாளரிடம் போய்த் தெரிந்துகொண்டுதான் உத்தரவு எழுதினார் என்றும் சொன்னார். "நீதிபதியே போய்க் கேட்டாராம்மா?" என்றாள் அம்மை. அப்புறம் ரொம்ப நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டு இருந்துவிட்டு, "மொட்டை அடிக்கச் சொன்னது நான்தான்" என்றாள். எனக்கு அதுவரை தெரியாது, அப்பா என்றே நினைத்திருந்தேன்.

குறைகளும் உண்டு. கதவு மெல்லிசு, காத்திருக்கிற இடத்துக்கு உள்ளே அழுகிற சத்தம் கேட்கிறது, ஃபேனைக் கூட்டி வைத்து மறைக்கப் பார்க்கிறார்கள், அது போதாது. இப்படிப்பட்ட இடத்தில் இதை முதலில் சரிசெய்திருக்க வேண்டும். நாள் கிடைக்க மூன்று வாரம்கூட ஆகிறது, சாகத் தோன்றுகிற பிள்ளைக்கு அது பெரிய இடைவெளி. அதற்காகத்தான் முதல் நாளே ஒரு சின்ன அட்டையில் யாரை முதலில் கூப்பிடுவது, அவர் எடுக்கவில்லை என்றால் யார், 14416, பக்கத்து ஆஸ்பத்திரி என்று அவள் கையாலேயே எழுத வைத்தார்கள். முதல் பெயர் என்னுடையது. முதல் தடவை 500 ரூபாய், அப்புறம் 300, படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதிதான் வாங்குகிறார்கள். எங்களுக்கு ரயில் செலவும் சேர்த்தால் கஷ்டம்தான், ஆனாலும் விடவில்லை.

எட்டு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. அப்பா இன்னும் அவளோடு பேசுவதில்லை. கொடை வந்தால் அவள் ஊருக்குள் இருப்பதில்லை, என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஆனால் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்குகிறாள். தையல் படிக்கப் போகிறாள், பையில் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறாள், வழியெல்லாம் குடிக்கிறாள்.

அடுத்த முறை சனிக்கிழமை நான்கு மணிக்குக் கிடைத்திருக்கிறது. அம்மையும் வருகிறாள். அன்றைக்குப் பீடிக் கடையில் இலை வாங்குகிற நாள், வெள்ளிக்கிழமையே தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.