ஜிபிஎஸ்மேப் 65எஸ், ஜிபிஎஸ்மேப் 67: மலைப்பாதைக்கு எது?

கையடக்க ஜிபிஎஸ் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது துல்லியத்தைப் பற்றி. கார்மின் நிறுவனத்தின் இந்த இரண்டு கருவிகளில் அந்தக் கேள்வியால் பயனில்லை. இரண்டுமே இரட்டை அலைவரிசையில் சமிக்ஞை வாங்குபவை. பாறைச் சுவரில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞையால் நேரும் பிழை இரண்டிலும் குறைவு. உயரமானியும் திசைகாட்டியும் இரண்டிலும் உண்டு. தொடுதிரை இல்லை, பொத்தான்கள்தான். மழையிலும் கையுறையோடும் அதுவே வசதி.

உண்மையான வேறுபாடு மின்சாரத்தில். 65எஸ் இரண்டு ஏஏ பேட்டரிகளில் சுமார் 16 மணி நேரம் ஓடும். 67-க்குள் சார்ஜ் ஏற்றும் பேட்டரி. நிறுவனக் கணக்குப்படி 180 மணி நேரம் வரை. ஒரு வாரப் பயணத்துக்கு 65எஸ்-உடன் ஒரு பொட்டலம் பேட்டரி சுமக்க வேண்டும், 67-உடன் பெரும்பாலும் எதுவும் வேண்டாம். ஆனால் 67-இன் பேட்டரி தீர்ந்தால் பவர் பேங்க் இருந்தாக வேண்டும். 65எஸ்-இல் புதியதைப் போட்டுவிட்டு நடக்கலாம். கடுங்குளிரில் லித்தியம் ஏஏ பேட்டரிகள் நன்றாகத் தாங்கும் என்பதும் அதற்குச் சாதகம்.

திரை 67-இல் 3 அங்குலம், மற்றதில் 2.6. வரைபடம் படிக்க இந்தச் சிறு வித்தியாசமும் உதவும்.

பல நாள் நடைக்கு 67-ஐயே எடுப்பேன். வார இறுதி நடைக்கு அது ஆடம்பரம். ஒன்று கவனியுங்கள்: செயற்கைக்கோள் வழி அவசர உதவி கேட்கும் வசதி 67ஐ (67i) என்ற தனி மாதிரியில்தான் உண்டு, அதற்குச் சந்தாவும் கட்ட வேண்டும்.