மகளின் பேட்டரி ஜீப், சரிவில் ஓடும் வண்டியாக: இரண்டு ஆண்டு அனுபவம்

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்று நாள் கழித்து வடிந்தபோது மகளின் இளஞ்சிவப்பு பேட்டரி ஜீப் தூணுக்கும் சுவருக்கும் நடுவே தலைகீழாகச் செருகிக் கிடந்தது. 12 வோல்ட் பேட்டரி போய்விட்டது. பின்சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு மோட்டார்களின் கியர் பெட்டிக்குள்ளும் சேறு ஏறியிருந்தது. சர்க்யூட் போர்டில் பச்சை பூத்திருந்தது. பழைய சாமான்காரர் 150 ரூபாய் தருவதாகச் சொன்னார். கொடுக்க மனம் வரவில்லை. பிளாஸ்டிக் உடலில் ஒரு விரிசல்கூட இல்லை. "மோட்டார் போனால் என்னப்பா, மேட்டிலிருந்து விட்டால் தானாக ஓடாதா?" என்று கேட்டாள் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஜீப்புக்குள் கால் மடக்கி உட்காரும் அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தாள்.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய வேலை இது. இன்று அந்த ஜீப்பில் 68 கிலோ எடையுள்ள நான் உட்கார்ந்து மணிக்கு 31 கிலோமீட்டர் வேகத்தில் சரிவில் இறங்குகிறேன். எது தாங்கியது, எது தாங்கவில்லை, எங்கே பணம் வீணானது என்பதை இதில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் சிக்கல், சென்னை தட்டையான ஊர். பரங்கிமலையையும் பல்லாவரம் குன்றுகளையும் விட்டால் சொல்லிக்கொள்ள மேடு இல்லை. மேம்பாலங்களின் இறக்கம் கண்ணை இழுக்கும். அதிகாலை நான்கு மணிக்குக் காலியாகத்தானே கிடக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். தண்ணீர் லாரிகள் வெறியோடு வரும் நேரமே அதுதான். பொதுச் சாலையில் இந்த வண்டியை இறக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. செங்கல்பட்டைத் தாண்டி என் மைத்துனரின் மாந்தோப்பில், கிணற்று மேட்டிலிருந்து கீழே பம்ப்செட் வரை ஒரு செம்மண் பாதை இறங்குகிறது. நீளம் 140 மீட்டர். முடிவில் 60 மீட்டர் சமதரை. அந்தச் சமதரை இல்லாவிட்டால் அந்த இடத்தையும் ஒதுக்கியிருப்பேன்.

சரிவை அளக்கத் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் உதவினார். கண்ணாடிபோல் தெரியும் நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மேலே நான் பிடிக்க, மறுமுனையை அவர் கீழே கொண்டுபோனார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்குமல்லவா, அதை வைத்து ஒரு மூங்கில் கழியில் குறி போட்டுக்கொண்டே பத்துப் பத்து மீட்டராக இறங்கினோம். மொத்த இறக்கம் 9 மீட்டர். உராய்வும் காற்றுத் தடையும் அறவே இல்லையென்றால், 9 மீட்டர் இறங்கும் எந்தப் பொருளும் நொடிக்கு 13.3 மீட்டர், அதாவது மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தை அடையும். ஆள் குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். எடை கூடினால் காற்றுத் தடையின் பாதிப்பு கொஞ்சம் குறையும். இந்த வேகத்தில் அது பெரிய லாபம் இல்லை. 48 என்ற எண்ணைத்தான் இரண்டு ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார்களைக் கழற்றிவிட்டு, மற்றபடி கடையிலிருந்து வந்தபடியே ஒருமுறை இறக்கிப் பார்த்தேன். பாதி வழியிலிருந்துதான் தொடங்கினேன். அதற்குள்ளேயே இந்தப் பொம்மைகளின் அடிப்படைக் குணம் ஒன்று புரிந்தது. பெரும்பாலான பேட்டரி கார்களில் பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து, மோட்டாரே சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். மோட்டாரைக் கழற்றினால் அந்தப் பிடியும் போய்விடும். இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினேன்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு ஜீப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாங்கள் சின்ன வயதில் பலகையில் பழைய பேரிங்கை மாட்டி ஓட்டுவோமே, அந்த பேரிங் வண்டிதானே சார் இது?" என்றார். ஆமாம், அதுவேதான். அமெரிக்காவில் சோப்புப் பெட்டியில் சக்கரம் மாட்டிய சிறுவர்களின் ஓட்டம் 1934-இல் டேட்டனில் முறையான போட்டியாகி, அடுத்த ஆண்டு அக்ரன் நகருக்குப் போய் இன்றும் நடக்கிறது. குழந்தைகளின் பொம்மை ஜீப்பில் பெரியவர்கள் உட்கார்ந்து மண் மேட்டுச் சரிவில் பாய்வதும் அங்கே தனி விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த ஊர் நம்முடையது. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்ப் பந்தயமே நடந்தது. எஞ்சின் இல்லாத வண்டிக்கு மட்டும் இங்கே இடமில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பட்டறைக்காரர் சொன்ன இன்னொன்று: "வேகத்துக்குச் செலவு செய்யாதீர்கள் சார். அதை மேடு சும்மா கொடுக்கும். நிற்பதற்குச் செலவு செய்யுங்கள்." நான் போட்ட பட்டியலில் சக்கரம் முதலிலும் பிரேக் நான்காவதாகவும் இருந்தன. அவர் பேனாவை வாங்கி வரிசையை மாற்றினார்.

முதல் வேலை சட்டம். இந்த ஜீப் 30 கிலோ குழந்தைக்கானது. நான் உட்கார்ந்தால் அடித்தட்டு தொட்டில்போலத் தொய்ந்தது. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயில், 2 மில்லிமீட்டர் கனத்தில், ஏணி வடிவில் ஒரு சட்டம் வெல்டிங் செய்து உடலுக்குள் இறக்கினோம். பத்து கிலோ கூடியது. இன்று எல்லா விசையும் அந்தச் சட்டத்தில்தான். பிளாஸ்டிக் உடல் மேலே போர்த்திய சட்டைதான்.

பின்னால் 20 மில்லிமீட்டர் எஃகு ஆக்சில் ஒன்றை முழு நீளத்துக்குப் போட்டு, பேரிங் பொதிந்த இரும்புக் கூடுகளான இரண்டு பிளம்மர் பிளாக்கில் உட்கார வைத்தோம். இரண்டு சக்கரமும், தனியாகச் சுழலாதபடி சாவி எனப்படும் சிறு இரும்புத் துண்டைச் செருகி, ஆக்சிலோடு சேர்த்துப் பூட்டியவை. ஆகவே ஆக்சிலில் ஒரே ஒரு டிஸ்க் இருந்தால் இரண்டு சக்கரமும் நிற்கும். அந்த டிஸ்க் சைக்கிளுடையது, 160 மில்லிமீட்டர். அதன் ஆறு துளைகள் 44 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும்; அதற்கேற்ற ஒரு வளையத்தை லேத்தில் கடைந்து தந்தார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் கேபிளால் இழுக்கும் வகை; கையால் அழுத்தும் லீவர். எண்ணெய் பிரேக் போடச் சிலர் சொன்னார்கள்; கேபிளை எந்தச் சைக்கிள் கடையிலும் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம் என்பதால் நான் மாறவில்லை. 31 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் 17 மீட்டருக்குள் நிற்கிறது. வாங்கிய பொருட்களில் மிக அதிகமாக மதிப்பது இந்த பிரேக்கைத்தான். ஒரே குறை, செம்மண் தூசி பட்டையில் ஏறினால் காது கூசும்படி கீச்சிடும். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் சரியாகும்.

பூட்டிய ஆக்சிலுக்கு ஒரு குணம் உண்டு. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் உருள வேண்டும். இரண்டும் சேர்த்துப் பூட்டியிருப்பதால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். கோ-கார்ட் என்ற சிறிய பந்தய வண்டியிலும் இதே அமைப்புதான். அங்கே உள்பக்கப் பின்சக்கரம் வளைவில் லேசாகத் தூக்கிக்கொள்ளும்படி சட்டத்தை அமைக்கிறார்கள். என் சட்டம் அவ்வளவு வளையாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் வழி.

இனி ஸ்டியரிங். என்னைக் காயப்படுத்தியது இதுதான். ஒரு கம்பியை வளைத்து இரண்டு சக்கரத்தோடும் மாட்டியிருப்பார்கள். ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினாலும் சக்கரம் அசையாத அளவுக்கு ஆட்டம். புதுப்பேட்டையில் பழைய ஆட்டோவின் பால் ஜாயிண்டுகள் (குண்டு பொருத்திய அசையும் மூட்டுகள்) வாங்கிப் போட்டு ஆட்டத்தை எடுத்தேன். ஆனாலும் 22 கிலோமீட்டரைத் தாண்டியதும் முன்சக்கரங்கள் உதறத் தொடங்கின. கையில் பிடிக்க முடியாத உதறல். முன்சக்கரங்களின் குறுக்கே நூல் கட்டி அளந்தபோது, அவற்றின் முன்விளிம்புகளின் இடைவெளி பின்விளிம்புகளின் இடைவெளியைவிட 8 மில்லிமீட்டர் விரிந்திருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்து 3 மில்லிமீட்டர் உள்ளொடுங்கும்படி வைத்தேன். கூடவே, சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனையை ஓட்டுபவர் பக்கம் 12 டிகிரி சாய்த்தேன். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதும் இதற்காகத்தான். கையை விட்டாலும் சக்கரம் நேராகப் பார்க்கும். உதறல் அன்றே நின்றது.

விபத்து அதற்குப் பிறகு, 2024 ஜூலையில். சரிவின் நடுவில், வேகம் நன்றாக ஏறிய இடத்தில், ஸ்டியரிங் திடீரென்று லேசானது. திருப்புகிறேன், எதுவும் நடக்கவில்லை. இடது சக்கரம் மட்டும் தனக்குப் பிடித்த பக்கம் போனது. பிரேக்கை முழுதாக அழுத்தினேன். வண்டி பக்கவாட்டில் வழுக்கி, பாதையோரம் அடுக்கியிருந்த பழைய டயர்களில் மோதி நின்றது. இடது முழங்கையில் நான்கு தையல். குனிந்து பார்த்தால், இணைப்புக் கம்பியின் போல்ட் இருந்த துளை காலியாக இருந்தது. சாதாரண நட் போட்டிருந்தேன். அதிர்வில் கழன்று விழுந்துவிட்டது. நான்கு ரூபாய் கூடக் கொடுத்து, உள்ளே நைலான் வளையம் வைத்து அதிர்வில் கழலாதபடி செய்த நைலாக் நட் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. இப்போது எல்லா இடத்திலும் நைலாக் நட். இறுக்கிய பிறகு நட்டிலும் சட்டத்திலும் சேர்த்து வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போடுகிறேன். கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் பதினான்கு கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்க்கிறாள் மகள். அது அவள் பொறுப்பு.

சக்கரங்களைப் பற்றி. கூடவே வந்த உள்ளீடற்ற பிளாஸ்டிக் சக்கரத்தில் 19 கிலோமீட்டர்தான் கிடைத்தது. துளை நேராக ஆக்சிலில் உரசுவதால் நான்கே ஓட்டத்தில் துளை முட்டை வடிவமானது. பிறகு பாரிமுனையில் தள்ளுவண்டிகளுக்கு விற்கும் பத்து அங்குலக் காற்றுச் சக்கரம் வாங்கினேன். அவை மெதுவாகத் தள்ளுவதற்குச் செய்தவை. கூட வந்த பேரிங் ஒரே மாதத்தில் கரகரத்தது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் ரப்பர் சீல் வைத்த 6201 பேரிங் மாற்றியபின்தான் வேகம் 28-க்கும், காற்றை 30 பிஎஸ்ஐ வைத்தபின் 31-க்கும் ஏறியது. கடற்காற்று ஊரில் சீல் இல்லாத பேரிங் வாங்குவது பணத்தைத் துருவுக்குக் கொடுப்பதுதான். பஞ்சருக்குக் காரணம் எப்போதும் ஒன்றே, சீமைக்கருவேல முள். டியூபுக்குள் பஞ்சர் திரவம் ஊற்றியபின் இந்த ஓராண்டில் ஒரே ஒரு பஞ்சர்தான்.

பிளாஸ்டிக் உடல் நான் நினைத்ததைவிட நன்றாக உழைத்திருக்கிறது. ஆனால் முதல் கோடையில் மொட்டைமாடியில் வெயிலில் விட்டது என் தவறு. நிறம் வெளிறி, தேய்த்தால் கையில் மாவாக ஒட்டியது. விபத்தில் முன்பக்க மூலை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. இந்த வகைப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது. மூன்று வகை வாங்கி வீணடித்தேன். சால்டரிங் அயர்னைக் காய வைத்து, துருப்பிடிக்காத கம்பி வலையின் ஒரு துண்டை விரிசலின் உட்பக்கம் வைத்து மெல்ல அழுத்தினால், பிளாஸ்டிக் உருகி வலையை விழுங்கிக்கொள்ளும். மெழுகுவத்தியை அணைத்ததும் எழும் மணம் வரும்; அந்த மணம் கருகல் நெடியாக மாறுவதற்குள் அயர்னை எடுத்துவிட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அந்தத் தையல் இன்றுவரை பிரியவில்லை.

இதுவரை ஆன செலவு 11,400 ரூபாய். அதில் வீணானது பசைகளும் முதலில் வாங்கிய பேரிங்குகளும், சுமார் 1,300. லேத் கூலியும் பிரேக்கும் சேர்ந்து 3,600. அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைத்திருக்க மாட்டேன். முகம் மூடும் ஐஎஸ்ஐ ஹெல்மெட், கையுறை, முழங்கை முழங்கால் காப்புகள் இந்தக் கணக்கில் சேராது. கையில் தையல் விழுந்த பிறகுதான் காப்புகளை வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியவை அவை.

மகளும் ஓட்டுகிறாள். கீழிருந்து 40 மீட்டர் குறியிலிருந்து மட்டும். அங்கிருந்து 15 கிலோமீட்டரைத் தாண்டாது. இந்தப் பொங்கலுக்கு 60 மீட்டர் கேட்டாள். பிரேக்கை ஒரே கையால் முழுதாக அழுத்தி, நான் சுண்ணாம்பில் போட்ட கோட்டுக்குள் பத்து முறை தொடர்ந்து நிறுத்திக் காட்டு என்றேன். ஏழாவது முறை ஒரு முழம் தள்ளிப் போய்விட்டது. சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை, வண்டியைத் தானே மேலே இழுத்துக்கொண்டு போய் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.