திண்ணையில் நாற்பது கேள்வியா, வரப்பில் ஒரு நாளா?

டெல்டா பெண்களைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன், எந்த முறை நல்லது என்று கேட்கிற எம்.ஏ. பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாதம் போகப்போகிறாய் என்றுதான். நடவு நேரத்தில் வினாத்தாளோடு போனால் ஊரில் மாமியார்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

வினாத்தாள் சர்வேயைக் குறை சொல்வது சுலபம். ஆனால் ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி, நிலம் யார் பேரில் என்று நானூறு வீட்டில் கேட்டுக் கணக்குக் காட்ட வேறு வழி கிடையாது. அது வழுக்குவது "என்ன வேலை செய்றீங்க?" என்ற இடத்தில். மன்னார்குடிப் பக்கம் ஒரு திண்ணையில் இதைக் கேட்டேன். மருமகள் வாயைத் திறக்குமுன் மாமியார் "அவ வீட்லதான் இருக்கா" என்றார். மருமகள் காலில் சேறு காயவில்லை. படிவத்தில் 'இல்லத்தரசி' என்றே விழுந்தது.

நேரப் பயன்பாட்டுக் கணக்கு இதைவிடத் தேவலை. 2019-இல் நாடு முழுக்க எடுத்தார்கள். முந்தைய நாள் காலை 4 மணியிலிருந்து 24 மணி நேரத்தையும் அரை அரை மணியாகக் கேட்பார்கள். கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97 என்று வந்தது. இந்த ஒரு கணக்குக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனாலும் நடவு முடிந்து வரும்போதே வரப்பில் ஆட்டுக்குப் புல் அறுத்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருகிற அக்காவிடம் கேட்டால், "அது வர்ற வழிதானேப்பா" என்பார், அந்த அரை மணி வெறும் நடையாகப் பதிவாகிவிடும். கூடவே நடந்தால்தான் புல்லுக்கட்டு கண்ணில் படும்.

சரி, ஊரிலேயே தங்கிவிட்டால்? சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் 1961-62-இல் தஞ்சைக் கிராமம் ஒன்றில் அக்ரஹாரத்தில் தங்கினார். அதனாலேயே சேரிக்குச் சகஜமாகப் போய்வர முடியவில்லை. தங்குகிற தெரு பாதி ஆய்வை முடிவு செய்துவிடும்.

மகளிர் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தால் கூலி, நடவு மெஷின், வட்டி என்று ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிப் பேசுவார்கள். வீட்டில் அடிக்கிற பேச்சு வந்தால் மட்டும் எல்லாமே பக்கத்து ஊர்க் கதையாகிவிடும். அதற்குத் தனி நேர்காணல்தான். தேசியக் குடும்ப நல ஆய்விலேயே வன்முறைக் கேள்விகளை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம், அதுவும் தனியாக இருக்கும்போதுதான் கேட்கிறார்கள்.

ஆறு மாதமும் கைக்காசும்தான் என்றால் நான் பத்துப் பேரோடு ஆளுக்கொரு நாள் முழுக்க நடந்துவிட்டு, அவர்கள் பேச்சிலேயே வினாத்தாள் எழுதி, அப்புறம்தான் சர்வேக்குப் போவேன். அதில் "என்ன வேலை" இருக்காது. "நேத்து யார் வயல்ல எறங்குனாங்க?" என்றுதான் இருக்கும். அதற்கு மாமியாரே முந்திக்கொண்டு சரியான பதிலைச் சொல்லிவிடுவார்.