கேபிளா, ஸ்டூவர்ட்டா?

சிங்கப்பூரில் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையிலிருக்கும் மகன் சனிக்கிழமை பச்சைச் சீருடையோடு வந்து, தேக்காவில் வாங்கிவைத்த பிராட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "அப்பா, நடிகருங்க நிஜமாவே போருக்குப் போனாங்களா?"

ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிள் இரண்டாம் உலகப் போருக்குப் போனார். 1942 ஜனவரியில் மனைவி கரோல் லொம்பார்ட் விமான விபத்தில் இறந்தார். ஆகஸ்டில், 41 வயதில், கேபிள் படையில் சேர்ந்தார். பி-17 குண்டுவீச்சு விமானத்தில் 5 முறை போர்முனைக்குப் பறந்தார்.

இன்னொரு ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை எடை போதாதென்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. உடம்பைத் தேற்றிக்கொண்டு 1941 மார்ச்சில், அமெரிக்கா போரில் இறங்குமுன்பே, சேர்ந்துவிட்டார். பி-24 குண்டுவீச்சு விமானியாக 20 தாக்குதல்கள். கூடப் பறந்த பிள்ளைகளின் உயிரும் அவர் பொறுப்பில். 1945இல் கர்னல்.

கேபிளின் துயரம் மனத்தைப் பிசைகிறது. ஆனாலும் என் ஓட்டு ஸ்டூவர்ட்டுக்கே. மகன் அந்த எடைக் கதையை மறுபடி சொல்லச் சொன்னான்.