“ஆறு கிலோமீற்றர்தான்” என்று காட்டு நடைக்குக் காசு வாங்குகிறார்கள், கவனம்

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற தூர்ந்த குளங்களுக்கும் அவற்றையொட்டிய பாறை மலைகளுக்கும் கூட்டிப்போவதாக வாட்ஸ்அப்பில் விளம்பரம் ஓடுகிறது. தலைக்கு 4500 ரூபா. ஆனியில் இப்படிப் போன பன்னிரண்டு பேர் இருட்டுப்பட்ட பிறகுதான் றோட்டுக்கு வந்தார்கள், இரண்டு பேருக்குச் சேலைன் ஏற்றினது. காசு திரும்பவில்லை.

முதல் பொய் தூரம். ஆறு கிலோமீற்றர் என்பது போன் வரைபடத்தில் கோடிழுத்துப் பார்த்த நேர்தூரம், அதுவும் ஒருவழி. முட்பற்றையையும் வறண்ட ஓடையையும் சுற்றினால் ஒன்பது வரும், போய்வரப் பதினெட்டு. வண்டிப்பாதையில் மணிக்கு நாலு நடக்கிறவர் பற்றைக்குள் இரண்டுதான் நடப்பார். மலை ஏறி, இளைப்பாறி வர ஒன்பது மணித்தியாலமாவது வேணும். விடிய ஐந்தரைக்குத் தொடங்கவேண்டிய நடையை இவர்கள் தொடங்கியது 9.45க்கு. பொழுது சாய யானை தண்ணிக்கு இறங்குகிற நேரம் ஆட்கள் இன்னும் குளக்கட்டுப் பக்கம்.

“குளத்தில தண்ணி இருக்கு, ஒரு போத்தல் காணும்” என்றது அடுத்த பொய். விளம்பரப் படத்தில் கட்டு முட்டத் தண்ணி. அது மாரி முடிந்த கையோடு எடுத்த படம். கச்சான் காற்றடிக்கிற ஆனியில் மிஞ்சுவது எருமையும் யானையும் கலக்கின சேறு, அந்தச் சேற்றோரத்தில் முதலையும் கிடக்கும். கலங்கல் தண்ணியில் குளோரின் குளிசை சரியாக வேலை செய்யாது. அழுக்கே மருந்தை இழுத்துவிடும். தெளியவிட்டு, துணியில் வடித்து, பிறகு குளிசை போட்டு அரைமணி வைக்கவேண்டும். அதை நம்பாமல் ஆளுக்கு ஐந்து லீற்றர் சுமப்பதே சரி. ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூள் ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணி. அரைப் போத்தலில் கரைத்துக் குடித்தால் உப்புக் கூடி ஆளை இன்னும் வாட்டும்.

“பாலைப்பழம் பொறுக்கலாம்” என்றும் ஆசை காட்டினார்கள். பழம் விழுகிற மரத்தடிக்குத்தான் கரடியும் வரும். அதற்குக் கண்பார்வை குறைவு, தின்கிற நேரம் ஆள் வருவதும் தெரியாது. திடுக்கிட்டால் ஓடாது, முகத்துக்குத்தான் பாயும். பழக்காலத்தில் கதைத்துக்கொண்டு, சேர்ந்துதான் நடக்கவேண்டும். இவர்களின் வழிகாட்டியோ குழுவை விட்டு அரைக் கிலோமீற்றர் முன்னால் போனார்.

எல்லாவற்றிலும் மோசம், நேரம் பிந்தியதென்று குறுக்குப்பாதை எடுத்தது. மிதிவெடி அகற்றாத துண்டுகள் இன்னும் இருக்கிற மண் இது. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காக ஓரிடம் பாதுகாப்பு ஆகிவிடாது, பலகை விழுந்தும் போயிருக்கும். தேனுக்கும் விறகுக்கும் போகிறவர்கள் நாளாந்தம் மிதிக்கிற தடத்தை விட்டு இறங்கவே கூடாது. போர்க்கால மண்அணையோ பதுங்குகுழியோ கண்ணில் பட்டால், நின்று, வந்த காலடியிலேயே திரும்பவேண்டும்.

அனுமதி என்று காட்டியது போனில் ஒரு கடிதப் படம், போன வருடத் திகதி. காசு கட்ட முன்னம் மூலக்கடிதத்தைக் கேளுங்கள். காட்டின் பெயர், நாள், ஆள் எண்ணிக்கை, முத்திரை நாலும் இருக்கவேண்டும். அந்தப் பகுதி வன அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கலாம்.

இப்போது அதே குளத்துப் படத்தோடு, வேறு பெயரில், ஆவணி நடைக்கு 2000 ரூபா முற்பணம் கேட்கிறார்கள்.