மொரிஷியஸா, ஃபிஜியா? வேலூரிலிருந்து அம்மாவை அழைத்துப் போக எது சரி

கோடை விடுமுறையில் தூரத்துத் தீவு நாடு ஒன்றுக்குக் குடும்பமாகப் போவது என்று தீர்மானித்ததும், எங்கள் வீட்டில் கடைசி வரை நின்றவை மொரிஷியஸ், ஃபிஜி என்ற இரண்டு பெயர்கள்தான். முடிவில் மொரிஷியஸுக்குப் போய் வந்தோம். ஃபிஜிக்கு விமானம், தங்குமிடம், படகு என்று முழுத் திட்டமும் போட்டுப் பார்த்தபின் விட்டுவிட்டோம். ஆகவே மொரிஷியஸைப் பற்றி எழுதுவது கண்ணால் கண்டது. ஃபிஜியைப் பற்றி எழுதுவது திட்டம் போட்ட அளவுக்குத்தான் செல்லும். போனது நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே என் அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. கீழே சொல்லும் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

விசாவை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இந்திய பாஸ்போர்ட் இருந்தால் இரண்டு நாட்டிலும் இறங்கியதும் சுற்றுலா அனுமதி கிடைக்கும். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். கடலும் இரண்டு இடத்திலும் பவளப்பாறை சூழ்ந்த நீலக் கடல்தான். பருவமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், நமக்குக் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இரண்டிலும் புயல் காலம். அரையாண்டு விடுமுறையிலோ பொங்கல் விடுமுறையிலோ போக நினைப்பவர்கள் அதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபிஜியை நாங்கள் இலேசில் விட்டுவிடவில்லை. நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அந்த நாட்டோடு ரத்த பந்தம் இருக்கிறது. 1879-ல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ஃபிஜிக்குப் போனது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் ஏற்றினார்கள், 1916 வரை. மொத்தம் போன அறுபதாயிரம் பேரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தெற்கிலிருந்து போனவர்கள். அவர்களில் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் கணிசம். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை அதில் இருக்கும். குடியாத்தத்தில் இருக்கும் என் மாமா இதைச் சொல்லித்தான் விடாமல் வாதாடினார். "ஏம்மா, இவ்ளோ செலவு பண்ணிப் போறீங்க, பிஜிக்குப் போனா நம்ம ஊரு ஜனங்க பேரன் பேத்தியப் பாத்துட்டு வரலாம்ல? மொரிஷியஸ்ல இன்னா இருக்குது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஃபிஜியின் நாண்டி ஊரில் கடைத்தெரு முடியும் இடத்தில் ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் நம்மூர்க் கோபுரத்தோடு நிற்கிறது. தென்னிந்தியர்கள் 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகளை நடத்துகிறது. இத்தனையும் தெரிந்தேதான் வேறு முடிவுக்கு வந்தோம்.

முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம். எல்லோரும் டிக்கெட் விலையைப் பார்க்கிறார்கள், பயண நேரத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்த்தது, நடுவழியில் இணைப்பு விமானம் தவறிப்போனால் அம்மா எந்த ஊரில், எந்த நிலையில் உட்கார்ந்திருப்பார் என்பதை. வயதானவர்களோடு வெளிநாடு போகிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஃபிஜிக்கு இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. சென்னையிலிருந்து போவதென்றால் சிங்கப்பூர் வழிதான் நேரானது. சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம், அங்கிருந்து நாண்டிக்கு இன்னும் பத்து மணி நேரம். சிங்கப்பூர்–நாண்டி விமானம் தினமும் இல்லாததால், அதன் கிழமைக்கு ஏற்ப நம் தேதிகளை வளைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் பதிவாகி, சென்னையில் போட்ட பெட்டி நேராக நாண்டியில் வந்து சேருமானால் சிங்கப்பூர் விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம், விசா தேவையில்லை. ஆனால் இணையத்தில் தேடும்போது மலிவாகக் கண்ணில் படுபவை பெரும்பாலும் தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துக் காட்டுபவை. அப்படி எடுத்தால் சிங்கப்பூரில் குடிநுழைவைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி உள்ளே போக வேண்டும். வெளியே வர நமக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். சிட்னி வழி என்றால் ஆஸ்திரேலிய இடைநிறுத்த (டிரான்சிட்) விசா, ஆக்லாந்து வழி என்றால் நியூசிலாந்து இடைநிறுத்த விசா. ஃபிஜி விசா கேட்காவிட்டாலும் வழியில் இருக்கும் நாடு கேட்கிறது. சில முகவர்கள் "ஃபிஜிக்கு விசா வேணாம்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, ஒரே டிக்கெட்டாகவே எடுத்துவிட்டோம் என்று வையுங்கள். சென்னை விமானம் தாமதமாகிறது, நாண்டி விமானம் போய்விடுகிறது. அடுத்தது நாளைக்கோ மறுநாளோ. அதுவரை இன்சுலினோடு அம்மா விமான நிலைய நாற்காலியில் இருக்க வேண்டும், அல்லது விமான நிறுவனம் என்ன ஏற்பாடு செய்கிறதோ அதை நம்பியிருக்க வேண்டும். விசா இல்லாமல் வெளியே வந்து நாமாக ஓர் அறை எடுக்க வழியில்லை.

மொரிஷியஸுக்கு நாங்கள் போன வழி சென்னை–மும்பை–மொரிஷியஸ். மும்பையிலிருந்து நேரடி விமானம், ஆறு மணி நேரம் சொச்சம். அந்த இணைப்பு தவறினாலும் நாம் நிற்பது நம் நாட்டில். விசா இல்லாமல் வெளியே வரலாம், ஓட்டல் பிடிக்கலாம், மருந்துக் கடைக்குப் போகலாம், முடியாவிட்டால் அடுத்த விமானத்தில் சென்னைக்கே திரும்பி இரவுக்குள் காட்பாடி வந்துவிடலாம். இந்த ஒரு நிம்மதிக்காகவே நான் மொரிஷியஸைத் தேர்ந்தெடுத்தேன். சென்னையிலிருந்து நேரடி விமானம் சில காலம் இருக்கும், சில காலம் இருக்காது. உங்கள் தேதிக்கு அது கிடைத்தால் வேறெதையும் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். மும்பை வழி என்றால் உள்நாட்டு விமானம் எந்த முனையத்தில் இறங்குகிறது, பன்னாட்டு விமானம் எதிலிருந்து கிளம்புகிறது என்று பார்த்து, நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் பதியும்போதே கேட்டுவிடலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆப்பிரிக்க நகரங்கள் வழியாக மலிவு டிக்கெட்டும் கண்ணில் படும். அதைத் தொடும் முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டுமா என்று விசாரித்துவிடுங்கள்.

இதோடு நேர வித்தியாசம் சேர்கிறது. மொரிஷியஸ் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் பின்தங்கியது. அம்மாவின் ஊசி நேரத்தை, சாப்பாட்டு நேரத்தை மாற்றவே வேண்டியிருக்கவில்லை. ஃபிஜி ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நமக்கு இரவு ஒன்றரை மணி என்றால் அங்கே காலை எட்டு, இட்லி நேரம். இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து அட்டவணையையே மாற்றி வாங்க வேண்டும். பிள்ளைகள் என்றால் தூங்கி எழுந்து சரியாகிவிடுவார்கள். எழுபதை நெருங்குபவர்களுக்கு அங்கே இருக்கும் நாட்களில் பாதி அதற்கே போய்விடும் என்பது என் பயம். இளவயதுக்காரர்களுக்கு இது பெரிதாக உறைக்காமல் போகலாம்.

மருந்து விஷயத்தில் மொரிஷியஸ் கண்டிப்பான நாடு. தூக்க மாத்திரை, வலுவான வலி நிவாரணி போன்றவற்றைச் சீட்டில்லாமல் கொண்டுபோனால் சிக்கல். சிலவற்றுக்கு முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனையில் எழுதித் தரும் சீட்டில் மருந்தின் வேதிப்பெயரைத் தெளிவாக ஆங்கிலத்தில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினை எந்தக் காரணத்துக்காகவும் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இறங்கியபின் கிடைக்கும் வசதியிலும் மொரிஷியஸ் முந்துகிறது. முதன்மைத் தீவு நீளத்தில் அறுபத்தைந்து கிலோமீட்டர், அகலத்தில் நாற்பத்தைந்து. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் தூரத்தைவிடக் குறைவில் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். ஒரே இடத்தில் அறை எடுத்துக்கொண்டு தினமும் ஒரு பக்கம் போய்வரலாம், பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலையே இல்லை. ஃபிஜியின் பெரிய தீவான விட்டி லெவு மட்டும் பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். படத்தில் பார்த்து மயங்கும் கடற்கரைகள் பெரும்பாலும் மாமனுக்கா, யசாவா என்ற சிறு தீவுக் கூட்டங்களில் இருக்கின்றன. அங்கே டெனராவ் துறையிலிருந்து படகில் போக வேண்டும். படகில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை மொரிஷியஸின் கிழக்குக் கரையில் தென்கிழக்குக் காற்று ஓயாது அடிக்கும். நாங்கள் மேற்குக் கரையில் ஃபிளிக்-என்-ஃபிளாக் பக்கம் சமையலறையோடு கூடிய வீடு எடுத்தோம். வடக்கே கிராண்ட் பே கொஞ்சம் ஆரவாரமான ஊர், இளைஞர்களுக்குப் பிடிக்கும். நடுமேட்டில் இருக்கும் கியூர்பிப் பக்கம் மழையும் குளிரும் அதிகம். அங்கே தங்க வேண்டாம், போகும்போது ஒரு ஸ்வெட்டர் போதும். கடலில் இறங்கக் கால்செருப்பு, அதாவது தண்ணீருக்கென்று விற்கும் ரப்பர் செருப்பு, அவசியம். கடல் முள்ளெலியும் கல்மீனும் உண்டு.

சாப்பாட்டுக்கு அம்மா சைவம். தெருவோரம் விற்கும் தால் பூரி வெல்லம் போடாத பருப்பு போளி மாதிரி இருக்கும், உள்ளே குழம்பு வைத்துச் சுருட்டித் தருவார்கள். காலை உணவை அதிலேயே முடித்துக்கொண்டோம். அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்ததால் இரவுச் சமையல் வீட்டில்தான். ஃபிஜியிலும் ரொட்டி, பருப்பு, கறிக்குப் பஞ்சமில்லை என்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து உணவுப் பொருள் கொண்டுவருவதில் அங்கே கெடுபிடி அதிகம். ஊறுகாயும் பொடியும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதியாக வேண்டும்.

மாமா கேட்ட கேள்விக்கும் மொரிஷியஸில் பதில் இருந்தது. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அப்பிரவாசி காட் என்ற இடம் இருக்கிறது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இறங்கி ஏறிய கல்படிகள். 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் அங்கே போய் இறங்கியிருக்கிறார்கள். அந்தப் பழைய பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்கிறது. 1998-ல் வெளியான நோட்டுகளில் இந்திக்குப் பின்னால் தமிழை வைத்ததும் அங்கிருக்கும் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அரசு நோட்டுகளையே திரும்பப் பெற்றது. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. குவாட்ர் போர்னில் மலையடிவாரத்து முருகன் கோயிலில் அம்மா நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எங்களிடம் தமிழில் நாலு வார்த்தை பேச முடிந்தவர்கள் குறைவு, பேச்செல்லாம் அந்த நாட்டுக் கிரியோல் மொழியில்தான். ஆனாலும் பெயர் கேட்டால் முருகன், கோவிந்தசாமி, வீரப்பன் என்று வரும்போது மனம் பொங்குகிறது.

செலவைப் பொறுத்தவரை மொரிஷியஸ் மலிவு என்று சொல்ல மாட்டேன். அந்த ரூபாய் நம் ரூபாயைவிட ஏறக்குறைய இரு மடங்கு மதிப்புள்ளது. கடைப் பலகையில் இருக்கும் விலையைப் பார்த்து ஏமாறாமல் மனதுக்குள் பெருக்கிக்கொள்ள வேண்டும். நாள் வாடகைக்கு டாக்ஸி பேசிக்கொண்டோம். காரை நீங்களே ஓட்டுவதென்றால் அங்கேயும் இடப்பக்கப் போக்குவரத்துதான், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ஓட்டிப் பார்க்கவில்லை. ஃபிஜிக்கு எங்களுக்கு வந்த மதிப்பீட்டில் விமானக் கட்டணம்தான் பெரும்பங்கு. அங்கே போய்ச் செலவாகும் தொகை எப்படி இருக்கும் என்பதைப் போய் வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஃபிஜி யாருக்கு? இரண்டு வாரத்துக்குக் குறையாமல் விடுப்பு இருக்கிறவர்களுக்கு, வயதானவர்களோ கைக்குழந்தையோ இல்லாதவர்களுக்கு. எல்லோரையும்விட, வீட்டில் "தாத்தாவோட அண்ணன் பிஜித் தீவுக்குப் போனவரு" என்று ஒரு பேச்சு உள்ளவர்களுக்கு. அவர்கள் ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் எழுதி எடுத்துக்கொண்டு மே மாதத்திலேயே போகலாம். அந்த மாதம் கிர்மித் நாள் என்று கூலிகள் வந்திறங்கியதை நினைவுகூர்கிறார்கள், 2023 முதல் அது அங்கே பொது விடுமுறை. சிங்கப்பூர் வழியாக, ஒரே டிக்கெட்டில், பெட்டி நேராக நாண்டிக்குப் போகும்படி. முகவரிடம் பணம் கட்டும் முன் இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.